குப்பைக்குப் போன ஸ்டால்

தங்கச்சிக்கு ஆணி என்றால் ஆகாது. பசை என்றால் அதைவிட ஆகாது. இத்தனைக்கும் கண்காட்சிகளுக்கு ஸ்டால் வடிவமைப்பதுதான் அவள் தொழில். அண்ணன் தச்சன். அவள் வரைந்து கொடுப்பதை ப்ளைவுட்டில் அறுத்து, அடித்து, வண்ணம் பூசி நிறுத்திவிடுவான். கண்காட்சி முடிந்த சாயங்காலமே கடப்பாரையோடு ஆட்கள் வருவார்கள். அவள் ஆசை ஆசையாக வரைந்த வளைவெல்லாம் குப்பை லாரியில் ஏறும். ஒவ்வொரு தடவையும் அவளுக்கு வயிறு எரியும்.

அண்ணனுக்கு ஒன்றும் எரியாது. "முடிஞ்சதப் பிரிக்காம மியூசியத்துலயா வைக்கச் சொல்ற?" என்பான்.

சண்டை போட்டு, பேசாமல் இருந்து, மறுபடி சண்டை போட்டு ஒருவழியாக அவனைச் சம்மதிக்க வைத்தாள். முழுக்க முழுக்கக் கெட்டி அட்டையில் ஒரு ஸ்டால். ஒரு அட்டைப் பலகையை இன்னொன்றின் பள்ளத்தில் சொருகினால் நிற்கும், உருவினால் பிரியும். சுத்தியல்கூட வேண்டாம்.

"இந்த ஒரு தடவை உன் இஷ்டம்," என்றான் அண்ணன். "சொதப்புச்சுன்னா காலத்துக்கும் ப்ளைவுட்தான். அப்புறம் மூக்கச் சிந்திட்டு என்கிட்ட வரக் கூடாது."

சோப்பு தயாரிக்கும் ஓர் அம்மாள் தைரியமாக ஆர்டர் கொடுத்தார். கண்காட்சிக்கு முந்தின நாள் பாதிப் பொழுதும் மெனக்கெட்டு, மாலைக்குள் ஸ்டாலை நிறுத்தியாயிற்று. அண்ணன் ஒரு சுற்று வந்து, தோளால் இடித்துப் பார்த்து, "ம்" என்றான். அவன் வாயிலிருந்து ஒரு "ம்" வாங்குவது லேசுப்பட்ட காரியமா என்ன! சோப்பு காலையில்தான் வரும். சோப்பு அடுக்க வேண்டிய காலித் தட்டுகளை ஆசையோடு தடவிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

காலையில் வந்து பார்த்தால் ஸ்டாலைக் காணோம்.

வரிசை மாறி வந்துவிட்டோமோ என்று போய்த் திரும்பி வந்து பார்த்தாள். கம்பளம் இருந்தது. வயரை யாரோ அழகாகச் சுருட்டி வைத்திருந்தார்கள். மற்றபடி துடைத்து விட்ட மாதிரி வெறும் இடம்.

"நேத்தே பிரிச்சிட்டீங்களா?" என்றார் பக்கத்து ஸ்டால்காரர். "முதலாளியோட ஏதோ தகராறாக்கும்னு நெனச்சேன்."

அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டு கம்பளத்தில் உட்கார்ந்துவிட்டான். அவள் துப்புரவுப் பணிக்குப் பொறுப்பான அக்காவைத் தேடிப் பிடித்தாள்.

"அந்த அட்டையா? நாங்கதான் எடுத்தோம்," என்றார் அக்கா, கொஞ்சமும் பதறாமல். "அதுலயே எழுதியிருந்துச்சே."

எழுதியிருந்தது உண்மைதான். எழுதிய புண்ணியவதியும் இவள்தான். அட்டை மறுசுழற்சிக்குப் போகாமல் வேறெங்காவது போய்விடுமோ என்ற பயத்தில், பலகைக்குப் பலகை கொட்டை எழுத்தில் அச்சடித்து வைத்திருந்தாள்: ‘வேலை முடிந்ததும் என்னை உருவிக் காகிதக் கழிவில் சேர்க்கவும்.’ காலித் தட்டோடு நின்ற ஸ்டாலைப் பார்த்தால் வேலை முடிந்தது என்றுதான் யாருக்கும் தோன்றும். தன் ஸ்டாலைத் தூக்கிப் போடச் சொல்லித் தானே அச்சடித்த டிசைனர் உலகத்தில் இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

நல்லவேளை, லாரி இன்னும் வரவில்லை. பலகைகள் பின்வாசலில் கம்பிக்கூண்டு வண்டியில் அடுக்கியபடியே இருந்தன. ஆனால் கண்காட்சிக் கூடத்தைத் திறக்கும் நேரம் நெருங்கிவிட்டது.

"நேத்து பாதி நாள் ஆச்சு," என்றான் அண்ணன். "இப்ப எங்க முடியும்?"

"கழட்டுனவங்க நாங்கதானே, மாட்டத் தெரியாதா?" என்றார் அக்கா. திரும்பித் தன் ஆட்களைக் கூப்பிட்டார். "எல்லாரும் வாங்கப்பா, தூக்குங்க."

அதற்குப் பிறகு நடந்ததை வேலை என்பதா விளையாட்டு என்பதா தெரியவில்லை. ஒருவர் தட்டைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு அதுதான் சரி என்று சாதித்தார். அண்ணன் அவரோடு மல்லுக்கட்டித் தோற்றான். சுவர் எழும்பிக்கொண்டிருக்கும்போதே சோப்பு அம்மாள் பெட்டிகளோடு வந்து நின்றார்.

"இன்னும் கட்டி முடிக்கலையா?"

தங்கச்சிக்குப் பொய் சொல்லத் தோன்றவில்லை. "நேத்தே முடிச்சிட்டோம்மா. குப்பைன்னு எடுத்துட்டுப் போயிட்டாங்க. தப்பு என்னோடதுதான்."

அந்த அம்மாள் பலகையில் இருந்த எழுத்தைப் படித்தார். சிரிக்க ஆரம்பித்தவர் கண்ணில் தண்ணீர் வரும்வரை நிறுத்தவில்லை. பிறகு கைப்பையைக் கீழே வைத்துவிட்டு அவரும் ஒரு பலகையைத் தூக்கினார்.

கதவு திறந்து கூட்டம் உள்ளே வந்தபோது வளைவு மட்டும்தான் பாக்கி. ஆணியில்லாமல் ஒரு சுவர் எழும்புவதைப் பார்த்து முதலில் வந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். "நானும் ஒண்ணு சொருகட்டுமா?" என்று ஒருவர் கேட்க, அவருக்குப் பின்னால் ஆள் சேர்ந்துவிட்டது. மாட்டி முடித்த வளைவை அவர்களுக்காகவே மறுபடி உருவ வேண்டியிருந்தது. சோப்பு விற்ற வேகத்தில் அந்த அம்மாளுக்குத் தண்ணீர் குடிக்கக்கூட நேரமில்லை.

மத்தியானம் எதிர் வரிசையிலிருந்து கோட்டு போட்ட ஒருவர் அண்ணனிடம் வந்தார். தங்கச்சி வளைவுக்குப் பின்னால் நின்றிருந்தாள்.

"அடுத்த கண்காட்சிக்கு எங்களுக்கும் ஒரு ஸ்டால் போட்டுக் குடுங்க. இந்த மாதிரி விளையாட்டெல்லாம் வேண்டாம். ப்ளைவுட்ல, கெட்டியா."

காலையில் நடந்த கூத்துக்குப் பிறகு அண்ணன் என்ன சொல்வான் என்று அவளுக்குத் தெரியாதா?

அண்ணன் அட்டைச் சுவரைத் தோளால் ஒரு இடி இடித்தான். "ப்ளைவுட் வேணும்னா வேற ஆளப் பாருங்க. எங்க வீட்ல இனிமே இதுதான். டிசைனர் என் தங்கச்சி, இங்கதான் எங்கயாவது நிப்பா. அவகிட்டப் பேசுங்க."

அந்த ஆள் வளைவைச் சுற்றி வந்து அட்டை தாங்குமா என்று அவளிடம் கேட்டார். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. மூக்கைச் சிந்திக்கொண்டே ஒரு பலகையை உருவி அவர் கையில் கொடுத்தாள், "நீங்களே சொருகிப் பாருங்க."