பதினேழாவது ஆமை

பதினேழாவது ஆமையை என் கணவர் சவோன் வலையிலிருந்து தூக்கிவந்தபோது முதலில் அதன் முகத்தைத்தான் பார்த்தேன். தலை கறுத்திருந்தது. கண் வெளிறியிருந்தது. ஆண்.

ஸ்ரே அம்பெல் ஆற்று மணல்திட்டில் பத்து வருடம் முன்பு வரை நாங்கள் காவல் காத்த முட்டைகளிலிருந்து வந்தவை இவை. குஞ்சாக இருக்கும்போது ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்ல முடியாது. வளர்ந்தபின் பிடித்து எழுத வேண்டும். முட்டையிடும் தாய் இந்த ஆற்றில் ஒன்றுதான் மிச்சம். அதுவும் இரண்டு கோடையாகக் கரையேறவில்லை. இளையவற்றில் ஒரு பெண்ணாவது இருந்தால்தான் இந்த இனம் பிழைக்கும்.

"எழுதுடி," என்றார்.

"புதுசா என்னத்த எழுத? மேல பதினாறுலயும் இருக்கறதேதான். ஆண்."

புனோம் பென்னிலிருந்து வந்திருந்த விலங்கு மருத்துவர் கன்னிதா ஆமை ஓட்டின் நீளத்தை அளந்துகொண்டிருந்தார். "அண்ணே, அப்போ முட்டைய எங்க வெச்சிருந்தீங்க?"

"தாய் தோண்டுன குழியிலதான். மேல பனையோலையில ஒரு கூரை மட்டும் போட்டேன். மார்ச் மாசத்து மணலு, கால் வைக்க முடியாது. முட்டை வெந்துடாதா?"

"எங்க வீட்டுக் கூரை மூணு வருஷமா ஒழுகுது," என்றேன். "ஆமைக்குன்னா ஒரே நாள்ல ஓலை வந்துடுச்சு."

சவோன் சிரித்தார். மருத்துவர் சிரிக்கவில்லை.

"மணல் நல்லா சூடா இருந்தாதான் பெண் குஞ்சு பொரியும், அண்ணே. நிழல்ல குளிர்ந்துட்டா ஆணாத்தான் வரும்."

சவோன் கையிலிருந்த ஆமை கால்களை உதைத்தது. கூரை போட்ட அன்று, ஒரு காலத்தில் முட்டை திருடித் தின்ற கை இப்போதாவது ஒரு நல்ல காரியம் செய்கிறதே என்று அவர் சொன்னது எனக்கு நினைவு வந்தது. ஓலையின் மறுமுனையைப் பிடித்திருந்தவள் நான்தான்.

"எத்தனை வருஷம் போட்டோம்?" என்று என்னைக் கேட்டார்.

"நாலு."

"யாராச்சும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"யாரும் இங்க வந்து பாக்கல, அண்ணே," என்றார் மருத்துவர். "நாங்களும்தான்."

சவோன் ஆமையை நீரில் விட்டார். "போடா. உனக்குப் பாக்க இந்த ஆத்துல பொண்ணு இல்ல."

கடைசி வலையில் ஒன்றுமில்லை.

மறுநாள் காலை படுக்கையில் அவரைக் காணோம். திட்டில் இருந்தார். ஒரு பலகையை இழுத்து மணலைச் சமன்படுத்திக்கொண்டிருந்தார், தாய் ஏறி வந்தால் தடம் தெரியட்டும் என்று. முட்டையிடும் காலத்துக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது.