பெட்ரோல் முள்

"மாமா, வெளியே வாங்க. எல்லாரும் உங்களத் தேடறாங்க" என்று மருமகள் இரண்டாவது தடவை கூப்பிட்டபோதும் பெயிண்டரின் கால்கள் மட்டும்தான் காருக்கு வெளியே தெரிந்தன. மற்றதெல்லாம் முன்சீட்டில் மல்லாந்து கிடந்தது. தலை ஸ்டியரிங்குக்கு அடியில் இருந்தது. வாயில் டார்ச்சைக் கவ்வியிருந்ததால் அவரால் பதில் சொல்ல முடியவில்லை. வாய் சும்மா இருந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார்.

வீட்டுக்குள், கூடத்தில் அவருடைய மனைவியைக் கிடத்தியிருந்தார்கள். நேற்று மதியம் சாப்பிட்டுவிட்டுச் சற்று கண்ணயர்ந்தவள் டீ நேரத்துக்கு எழுந்திருக்கவில்லை. இன்று சாயங்காலம் எடுப்பதாக ஏற்பாடு.

"அத்தை அங்க தனியா இருக்காங்க மாமா."

டார்ச்சை வாயிலிருந்து எடுத்தார். "தனியா எங்க இருக்கா? வீடு முழுக்க ஆளு. ஓயாம பேச்சு. அந்தப் பேச்சத் தாங்காமத்தான் இங்க வந்தேன்."

பேச்சு காலையில் ஆரம்பித்தது. முதலில் வந்த எதிர்வீட்டுக்காரர், "பாவம், கடைசியில கண்ணு வேற தெரியாம கஷ்டப்பட்டாங்க" என்றார். அடுத்து வந்தவர் அதையே வேறு குரலில் சொன்னார். பிறகு மனைவியின் தங்கை வந்து தலைமாட்டில் உட்கார்ந்து, "கண்ணு போயி, கார் சாவியும் போயி, எப்படி இருந்தவ இப்படி ஆயிட்டியே அக்கா" என்று அழுதாள். அந்த அழுகையில் பொய்யே இல்லை. அதுதான் பெயிண்டரைக் கொன்றது. வம்பு பேசுகிறவனிடம் சண்டைக்குப் போகலாம். மனசு விட்டு அழுகிறவளிடம் என்ன சண்டை போடுவது? இவளை எடுத்துக்கொண்டு போய்விட்டால் இந்தப் பேச்சுதான் வீட்டில் தங்கும். ஆயுசு முழுக்கக் கார் ஓட்டியவளை இனிமேல் கண் தெரியாத கிழவி என்றுதான் சொல்வார்கள். அவர் எழுந்து போய்த் திருப்புளியையும், உப்புத்தாளையும், பாதி மிச்சமிருந்த வெள்ளைப் பெயிண்ட் டப்பாவையும் எடுத்துக்கொண்டு கார் ஷெட்டுக்கு வந்துவிட்டார்.

பெயிண்டருக்குக் கார் ஓட்டத் தெரியாது. அவள்தான் ஓட்டினாள். வாங்கும்போதே பழைய கார். இப்போது அதை நிறுத்தினால் தெருவில் போகிறவர்கள் நின்று போட்டோ எடுக்கிறார்கள். அதன் கூரைமேல் ஏணியைக் கட்டி, பின்சீட்டில் பெயிண்ட் டப்பாக்களை அடுக்கி, எந்த வீட்டில் வேலையோ அங்கே கொண்டுபோய் இறக்கிவிட்டு, சாயங்காலம் வந்து கூட்டிப் போவாள். தெருவில் அவளுக்கு டிரைவரம்மா என்று பேர். அவருக்கு டிரைவரம்மா வீட்டுக்காரர் என்று பேர். அதில் அவருக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. மகனும் அந்தக் காரில், அவளிடம்தான் ஓட்டப் பழகினான். இன்று அவன் பஸ் டிரைவர்.

அந்த மகன்தான் சாவியைப் பிடுங்கிக்கொண்டான். போன வருஷம் ஒருநாள் பொழுது சாயும் நேரம் மூவரும் எங்கோ போய்விட்டுத் திரும்பும்போது, பக்கத்து சீட்டில் இருந்தவன், "அம்மா, என்ன ஸ்பீடுல போறே, சொல்லு" என்றான். அவள் குனிந்து பார்த்தாள். "லைட்டு டிம்மா இருக்குடா. தெரியல" என்றாள். "லைட்டு இல்லம்மா, கண்ணு" என்றான் அவன். வீடு வந்ததும் சாவியை உருவித் தன் சாவிக்கொத்தில் கோத்துக்கொண்டான். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. தினம் ரோட்டில் அடிபட்டுக் கிடக்கிறவர்களைப் பார்க்கிறவன், பயந்துபோயிருந்தான். அதற்கப்புறம் ஒரு ஞாயிறுகூடத் தவறாமல் வந்து, பேட்டரி இறங்காமல் இன்ஜினை ஓடவிட்டு, டயருக்குக் காற்றுப் பார்த்து, வண்டியைக் கண்ணுங்கருத்துமாகக் கவனித்தான். அவள் கையைக் கட்டிக்கொண்டு ஷெட் வாசலில் நின்று பார்ப்பாள்.

அவள் கெஞ்சவில்லை. மெக்கானிக்கை வரவழைத்தாள். அவன் புதுப் பல்பு போட்டு, "எரியுதேம்மா, இன்னும் என்ன?" என்று போய்விட்டான். அந்தக் காரில் விளக்குப் போடச் சாவி வேண்டாம், சுவிட்சை இழுத்தால் போதும். அதனால் தினமும் சாயங்காலம் டிரைவர் சீட்டில் போய் உட்கார்ந்து விளக்கைப் போட்டு மீட்டரைப் பார்ப்பாள். "கண்ணு இல்ல, லைட்டுதான். வேணும்னா நீங்களே வந்து பாருங்க" என்பாள். "விடேன், அவன்கூட எதுக்கு மல்லுக்கு நிக்கறே" என்று இவர் பேப்பரைப் புரட்டுவார்.

இப்போதுதான் பார்க்கிறார். பின்னாலிருந்த திருகுகளைக் கழற்றி, கேபிளை விடுவித்து, ஸ்பீடாமீட்டரை முன்பக்கமாக உருவி, எழுந்து உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டார். சின்னக் கிண்ணம் மாதிரி இருந்தது. வளையத்தைத் திருகிக் கண்ணாடியை எடுத்துவிட்டு உள்ளே டார்ச் அடித்தார். அடித்தவர் கிண்ணத்தைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார்.

"என்ன மாமா?"

"இங்க வா. இது என்ன கலரு, சொல்லு."

மருமகள் எட்டிப் பார்த்தாள். "பிரவுன். பழைய சமையக்கட்டுச் சுவரு மாதிரி இருக்கு."

"ஒரு காலத்துல வெள்ளையா இருந்தது. பல்பு ஓரத்துல ஒளிஞ்சிருக்கு பாரு, அது நேரா நம்பர் மேல அடிக்காது. இந்த வெள்ளையில பட்டுத்தான் வெளிச்சம் வரணும். வெள்ளை செத்துப்போச்சு, இனி எத்தன பல்பு மாத்தினா என்ன?"  பல்பை மாற்றாதீர்கள், சுவருக்கு வெள்ளையடியுங்கள் என்று எத்தனை வீட்டுக்காரர்களிடம் சொல்லிச் சம்பாதித்திருக்கிறார்.

மருமகள் கிண்ணத்துக்குள் விரலை விட்டுத் தடவிப் பார்த்தாள். "அப்போ அத்தை சொன்னது நிஜமா?"

"அவ என்னிக்குப் பொய் சொன்னா? அந்த வயசுல கண்ணு கொஞ்சம் மங்கத்தான் செய்யும், இல்லேங்கல. ஆனா அவ சொன்னது நிஜம்."

"அவர்கிட்ட இன்னிக்குச் சொல்லாதீங்க மாமா. தாங்க மாட்டாரு."

"அவ ஒரு வருஷம் தாங்கினா" என்றார் பெயிண்டர்.

 மருமகள் புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு டார்ச்சை வாங்கிப் பிடித்தாள். அவர் உப்புத்தாளால் உள்பக்கத்தைத் தேய்த்து, பல்பு ஹோல்டரில் இருந்த துருவைச் சுரண்டி, மெல்லிய பிரஷ்ஷால் வெள்ளை அடித்தார். ஷெட் வாசல் வழியாக வெயில் விழுந்த பானெட்மேல் காயவைத்தார். காய்ந்ததும் இன்னொரு கோட்டு அடித்தார். இதற்குள் மனைவியின் தங்கை ஷெட் வாசலுக்கு வந்துவிட்டாள்.

"அத்தான், அக்கா அங்க கிடக்கறா. இன்னிக்கா பெயிண்ட் அடிக்கறது? நாலு பேரு என்ன பேசுவாங்க?"

"காலையிலேர்ந்து நாலு பேரு பேசறதத்தானேம்மா கேட்டுக்கிட்டிருக்கேன்."

அவள் மருமகளைப் பார்த்தாள். மருமகளின் கையிலும் வெள்ளைப் பெயிண்ட். இரண்டு பேருக்குமே ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தவளாக உள்ளே போனாள்.

ஸ்பீடாமீட்டரை இடத்தில் பொருத்தி, கேபிளை மாட்டி, திருகை இறுக்கி முடிக்கும்போது மகன் வந்துவிட்டான். அலைந்து திரிந்ததில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "அப்பா, வண்டி வந்தாச்சு. எடுக்கணும்."

பக்கத்திலிருந்த பெட்ரோல் மீட்டரைப் பெயிண்டர் இன்னும் தொடவே இல்லை. அதற்கு இனி நேரமில்லை. ஒரு நிமிஷம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, தொடாமல் விட்டதும் நல்லதற்குத்தான் என்று தோன்றியது.

"இதுல ஏறி உக்காரு."

"இப்பவாப்பா? எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க."

"அவளும் காத்துக்கிட்டுத்தான் இருந்தா. உக்காருடா."

மகன் மனைவியைப் பார்த்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஷெட் கதவை இழுத்துச் சாத்தினாள். உள்ளே பொழுது சாய்ந்த மாதிரி இருட்டியது. அவன் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தான். பெயிண்டர் தன்னுடைய பழைய இடத்தில், பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, கையை நீட்டி விளக்குச் சுவிட்சை இழுத்தார்.

ஸ்பீடாமீட்டர் பளிச்சென்று எழுந்தது. நம்பர்கள், நடுவில் கோடுகள், முள்ளின் சிவப்பு நுனி எல்லாம் தெரிந்தன. பக்கத்தில் பெட்ரோல் மீட்டர் ஆறின டீயின் நிறத்தில் கிடந்தது.

"பெட்ரோல் முள்ளு எங்க நிக்குது, சொல்லு" என்றார் பெயிண்டர்.

மகன் பார்த்தான். குனிந்து பார்த்தான். கட்டைவிரலால் கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னும் கிட்டே போனான். "லைட்டு டிம்மா..." என்று ஆரம்பித்தவன் அங்கேயே நின்றுவிட்டான்.

மகனிடம் சொல்வதற்கென்று பெயிண்டர் வெள்ளை அடித்தபோதே நாலைந்து வாக்கியங்கள் சேர்த்து வைத்திருந்தார். எல்லாமே சுருக்கென்று தைக்கிற வாக்கியங்கள். அவன் பிடரியைப் பார்த்தார். வியர்வையில் முடி ஒட்டிக் கிடந்தது. ஒன்றையும் சொல்லவில்லை.

மகன் பளிச்சென்ற வட்டத்தையும் மங்கின வட்டத்தையும் பார்த்தான், அப்பாவின் விரலில் இருந்த வெள்ளைப் பெயிண்டையும் பார்த்தான். பிறகு பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து, வளையத்தை நகத்தால் நெம்ப ஆரம்பித்தான். வளையம் இறுகிப்போயிருந்தது. நகம் மடங்கியது. பல்லால் கடித்துப் பிரித்துக் கார் சாவியை மட்டும் தனியே எடுத்தான். எடுத்ததை இடது கையில் மூடிப் பிடித்துக்கொண்டு, கதவைத் திறந்து வீட்டுக்குள் போனான். பெயிண்டர் பின்னாலேயே போனார்.

கூடத்தில் புதிதாக வந்த ஒரு பெண்மணி, "பாவம், கண்ணு தெரியாம" என்று சித்தியிடம் விசாரித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மாவுக்குக் கண்ணு தெரிஞ்சுதுங்க" என்றான் மகன். குரல் உயரவில்லை.  "லைட்டுதான் டிம். நான்தான் கண்ணுன்னு சொன்னேன்."

சித்தி வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் அம்மாவின் கால்பக்கம் போய், தூக்குவதற்குக் குனிந்தான்.

சவ வண்டி முன்னால் போனது. அதற்குப் பின்னால், சாயங்கால வெளிச்சம் முழுக்க வடிந்த ரோட்டில், அந்தப் பழைய கார் போனது. மகன் ஓட்டினான். பெயிண்டர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவருடைய விரல் இடுக்கில் வெள்ளைப் பெயிண்ட் காய்ந்து உரிந்துகொண்டிருந்தது. மீட்டரில் விளக்கு எரிந்தது. யாரும் கேட்காமலே, "இருபது" என்றான் மகன். சற்று தூரம் போய், "இருபத்தஞ்சு" என்றான். பெயிண்டர் தலையை ஆட்டிக்கொண்டார்.

ஒரு மேடு வந்தது. இன்ஜின் லேசாகத் திணறியது.

"பெட்ரோல் இருக்காப்பா?"

"தெரியல. நீ ஓட்டு."

மகன் கியரை மாற்றினான். கண்ணை ஒருமுறை தாழ்த்தினான். குனியாமலே, "பதினஞ்சு" என்றான்.