உங்கள் பாடு, கம்ப்யூட்டர் பொறுப்பு

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை ஒரு நோட்டீஸிலிருந்து வந்தது. அந்த நோட்டீஸை எழுதியவன் நான்.

1986இல் மெட்ராஸில் ஒரு விளம்பரக் கம்பெனியில் எனக்கு வேலை. வீட்டு டிவியில் பொருத்திக்கொள்ளும் கம்ப்யூட்டரைச் சின்ன ஊர்களில் விற்க வேண்டும், நச்சென்று ஒரு வரி கொடு என்றார்கள். கம்ப்யூட்டரை நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. டீ ஆறுவதற்குள் எழுதிக் கொடுத்தேன்: "இனி உங்கள் பாடு, கம்ப்யூட்டர் பொறுப்பு!" பாடு என்றால் கஷ்டம். வேறென்ன இருக்க முடியும் என்று நினைத்தேன்.

ஒரு மாதம் கழித்து, கம்ப்யூட்டர் விற்கும் மேனேஜர் வேதாசலம் வந்தார். "உன் வரியப் படிச்சுட்டு பழவேற்காட்டுல நாப்பது பேர் வந்தாங்கய்யா. சண்டைக்கு," என்றார். அதற்கு மேல் சொல்லாமல் போய்விட்டார். மீதியெல்லாம் என் கற்பனை.

2

தொடக்கம், முதல் முயற்சி: ஏரியின் மேல் பூநாரைகள் கூட்டமாக இறங்கிக்கொண்டிருந்த ஒரு மாலையில், தூரத்தில்...

வேண்டாம். பூநாரையைக் காட்டினால் நீங்கள் கம்ப்யூட்டரை மறந்துவிடுவீர்கள்.

இரண்டாவது முயற்சி: கரீமா ஒரு கம்ப்யூட்டராவது விற்றாக வேண்டும்.

இது பரவாயில்லை. கரீமாவுக்கு இருபத்திரண்டு வயது, பழவேற்காட்டுக்காரி, பொன்னேரியில் டைப்ரைட்டிங் படித்தவள். மூன்று வாரம் பயிற்சி கொடுத்து, கம்ப்யூட்டரை இயக்கிக் காட்டும் வேலைக்குக் கம்பெனி அவளைத் தற்காலிகமாக எடுத்திருந்தது. சொந்த ஊரில் ஒரே ஒரு ஆர்டர் பிடித்தால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் சனிக்கிழமையோடு சரி. அந்த வேலை அவளுக்கு அவ்வளவு பிடித்திருந்தது. டைப்ரைட்டர் நாம் அடித்ததைத்தான் காட்டும். இது பதில் சொல்கிறதே என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லி மாளவில்லை.

[இத்தனை ஆசையை அவள் மேல் நான் ஏற்றிவிட்டேனோ என்று ஒரு சந்தேகம். ஏற்றியிருந்தால்தான் என்ன, ஆசைப்பட ஆள் வேண்டாமா?]

3

சனிக்கிழமை. பஜாரில் வாடகைக்கு எடுத்த அறை, இரவல் வாங்கிய டிவி. கரீமாவுக்குப் பின்னால் வேதாசலம். கடலோர மீனவக் குப்பத்தின் தலைவர் தாமோதரன் வந்தார், அவர் பின்னால் கூட்டம். கையில் என் நோட்டீஸ்.

"இன்னாம்மா இது? எங்க பாடு இனிமே இந்தப் பொட்டி பொறுப்பாமே. யாரு குடுத்தது பொறுப்ப?"

ஏரியில் மீன் படும் இடங்கள் கொஞ்சம்தான். எந்த இடத்தில் யார் எந்த நாள் வலை போடுவது என்று சீட்டுக் குலுக்கி முறை வைத்துக்கொள்வார்கள். அந்த முறைக்குப் பெயர் பாடு. [கரீமாவுக்கு இது தெரியும். எனக்குத்தான் தெரியாது.]

"அண்ணே, இது கஷ்டம்ன்ற பாடு," என்றாள் கரீமா.

"எங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதாம்மா."

கூட்டம் சிரித்தது. சிரிக்கிற கூட்டத்தை அப்படியே அனுப்பிவைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

"சீட்டு எடுக்கறப்ப வருஷா வருஷம் தகராறு வருதில்லண்ணே? எடுத்தவன் பாத்து எடுத்தான்னு. இது எடுத்தா யாரும் யாரையும் சொல்ல முடியாது."

பெயர்களைக் கலைத்துப் போடும் சின்ன புரோகிராம் ஒன்றைப் பயிற்சியில் கற்றிருந்தாள். அவர்கள் சொன்ன பதினோரு பெயர்களை அடித்தாள். டிவியில் ஆங்கில எழுத்தில் வரிசை வந்தது. நாகப்பன் முதலில், தாமோதரன் ஒன்பதாவது.

"நாகப்பனுக்கு வந்த வாழ்வ பாருடா," என்று யாரோ சொல்லும்போதே கரண்ட் போய்விட்டது. அரை மணி நேரம் ஒருவரும் நகரவில்லை. கரண்ட் வந்ததும் கரீமா எல்லாவற்றையும் மறுபடி அடித்தாள். நாகப்பன் முதலில், தாமோதரன் ஒன்பதாவது. பதினோரு பெயரும் அதே வரிசையில் இருந்தன.

"கரண்டு போயி வந்தும் சொன்ன சொல்லு மாறல பாரு," என்றார் தாமோதரன். அவர் குரலில் மரியாதை வந்திருந்தது. "ஊருக்கு ஒண்ணு எழுதிக்கம்மா."

வேதாசலம் ஆர்டர் ஃபாரத்தை நீட்டிவிட்டார். கரீமாவுக்கு அப்போதுதான் அது நினைவுக்கு வந்தது. நிறுத்திவிட்டுப் போட்டால் இந்த மிஷின் எப்போதும் ஒரே இடத்திலிருந்துதான் தொடங்கும், அதைக் குலுக்கிவிடப் புரோகிராமில் ஒரு வரி தனியாகச் சேர்க்க வேண்டும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். அந்த வரியை அவள் எழுதி வைத்துக்கொள்ளவில்லை.

4

முடிவு, ஒன்று: அவள் வாயைத் திறக்கவில்லை. வேலை நிரந்தரமானது. அடுத்த வருஷமும் நாகப்பன்...

இதைக் கோடு போட்டு அடித்துவிட்டேன். அடுத்த வருஷமும் அவள் அதே பஜாரில்தானே நடக்க வேண்டும்?

முடிவு, இரண்டு: உண்மையைச் சொன்னாள். கூட்டம் கலைந்தது. வேலை போய், பொன்னேரி பஸ்ஸில் ஜன்னலோரமாக

இதுவும் வேண்டாம். நல்லவளைத் தண்டித்தால் கதைக்குக் கனம் கூடும் என்று கதை எழுதுகிற எங்களுக்கு ஒரு நினைப்பு. எனக்கு அவளைப் பிடித்துப்போய்விட்டது, நான் செய்யமாட்டேன்.

5

ஃபாரத்தில் கையெழுத்துப் போடத் தாமோதரன் பேனாவைத் திறந்தார்.

"இருங்கண்ணே," என்றாள் கரீமா. "இது குலுக்கலே இல்ல. நிறுத்திட்டுப் போட்டா எப்பவும் இதே வரிசதான் வரும். வருஷா வருஷம் நாகப்பண்ணன்தான் மொதல்ல."

வேதாசலம் ஏதோ சொல்ல எழுந்தார். தாமோதரன் கையைக் காட்டி அவரை உட்காரச் சொன்னார்.

"அத சரி பண்ண முடியாதா?"

"முடியும். ஒரு வரி சேக்கணும். அந்த வரி எனக்குத் தெரியல. கத்துக்கணும்."

"கத்துக்க எத்தினி நாளு ஆவும்?"

விளம்பரமாக இருந்தால் இங்கே நானே ஒரு தேதியைப் போட்டு, கூப்பனை வெட்டி அனுப்பச் சொல்லியிருப்பேன். இதில் அப்படிச் செய்ய எனக்குத் தைரியமில்லை. கரீமா விரல்விட்டு எண்ணத் தொடங்கினாள். எத்தனை விரல் மடங்கியது என்பதை நீங்களே சொல்லுங்கள். அவள் எண்ணி முடிக்கும்வரை தாமோதரன் பேனாவை மூடவில்லை.