அஞ்சடியில் ஒரு கண்ணாடிக் கதவு

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் பிறந்து வளர்ந்தவள் நான். கல்யாணமாகி, கிள்ளானைத் தாண்டி இந்தச் செம்பனைக் காட்டுக்கு வந்தால், ஒரே ஒரு வரிசை பழைய மாடிக்கடைகளைக் காட்டி இதுதான் டவுன் என்றார்கள். எனக்குச் சிரிப்புதான் வந்தது. எல்லாக் கடைக்கும் மாடி முன்னால் நீண்டிருக்கும். அதன் அடியில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நனையாமல் நடக்கலாம். அதற்குப் பேர் அஞ்சடி.

எங்கள் சாப்பாட்டுக் கடை முன்னாலிருந்த அஞ்சடியை இரண்டு பக்கமும் கண்ணாடிக் கதவு வைத்து அடைத்து, ஏர்கோன் மாட்டி, மேசை போட வைத்தது நான்தான்.

“அஞ்சடி எல்லாருக்கும் பொது, லோகேஸ்,” என்றார் என் கணவர் முகுந்தன்.

“நடக்க ஆளே இல்லாத ஊர்ல பொதுவாம் பொது. சும்மா இருங்க லா.”

போன சனிக்கிழமை காலையில் மழை கொட்டு கொட்டென்று கொட்டியது. கடை முழுக்க சுபாங் ஜெயா நகரத்துக் கூட்டம். பழைய கட்டடத்தைப் படமெடுக்க வந்தவர்கள். பக்கக் கதவுக்கு வெளியே, அடுத்த தையல் கடை அமுதவள்ளி அக்கா சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தள்ளிக்கொண்டு வந்தவர் அவர் கணவர் தம்புசாமி அண்ணன். வரிசையின் கடைசிக் கடையில் டயாலிசிஸ் நிலையம். அக்கா அங்கே தப்பாமல் போயாக வேண்டும். மற்ற நாள்களில் ரோட்டில் இறங்கிச் சுற்றிப் போவார்கள். நானும் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்துவிடுவேன். அன்றைக்கு ரோடு தெரியாத அளவுக்குத் தண்ணீர்.

முகுந்தன் ஓடிப்போய்க் கதவைத் திறந்தார். மேசைகளுக்கு நடுவே நாற்காலி திக்கித் திணறி வந்தது. சாப்பிட்டவர்கள் பாதியில் எழுந்து ஒதுங்கினார்கள். அக்கா ஒவ்வொருவரையும் பார்த்துக் கைகூப்பினார்.

“சாரி அங்கிள். சாப்பிடுங்க. சாரிம்மா.”

இத்தனை வருஷம் தான் நடந்த வழியில் போவதற்கு, நேற்று வந்தவர்களிடம் மன்னிப்பு. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஒருத்தி முகத்தைச் சுளித்தாள். திட்ட வாயெடுத்தேன். எந்த வாயால் திட்டுவது? கதவு வைத்தது நானல்லவா?

மறுபக்கக் கதவை நானே திறந்தேன். ஏதாவது சொல்ல வேண்டும். அக்காவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அவர்தான் என் கையைப் பிடித்தார். “கோவிச்சுக்காத, லோகேஸ். நர்ஸ்கிட்ட சொல்லி நேரத்த மாத்திக்கிறேன். உன் கடையில எந்த நேரம்மா கூட்டம் இருக்காது?”