மாமுனாவுக்கு என் முகம்

கிராக்கோ பட்டணத்திலிருந்து வந்து எங்கள் ஊரில் குடியேறிய ஓவியர் செவெரின், ஓடைக்கரை மரங்களுக்கு நடுவே என்னை நிற்க வைத்து ஒரு மாதம் வரைந்தார். "காட்டுத் தேவதை, பிரிகிதா" என்றார். நானும் நம்பித் தொலைத்தேன். மாதா கோயில் திருவிழாவன்று பண்ணை வீட்டு முற்றத்தில் படத்தைத் திறந்தார்கள். தேவதையாவது மண்ணாவது! மாமுனா. பிரசவ வீட்டில் புகுந்து நல்ல குழந்தையைத் திருடிக்கொண்டு, தன் சவலைக் குட்டியைப் போட்டுவிட்டுப் போகும் காட்டுப் பேய். அதற்கு என் முகம், என் புருவத்துத் தழும்பு. கீழே நாலு வரிக் கவிதை வேறு, அவரே எழுதியதாம். பட்டணத்து ஆட்கள் கைதட்டினார்கள். எங்கள் ஊர்ப் பெண்கள் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

நான் இந்த ஊர் மருத்துவச்சி. திருவிழாவுக்கு ஐந்து நாள் முன்புதான் ரொசாலியாவுக்குப் பிரசவம் பார்த்திருந்தேன். பையன் பால் குடிக்காமல் வாடிக்கொண்டிருந்தான். திருவிழா முடிந்த மறுநாள் காலை, அவள் மாமியார் தெக்லா அவனைக் குப்பைமேட்டில் கிடத்தி விளார்க் குச்சியால் அடிக்கத் தொடங்கினாள். குட்டியின் அழுகை கேட்டால் மாமுனா ஓடி வந்து அதை எடுத்துக்கொண்டு, திருடியதைத் திருப்பித் தருமாம்.

சத்தம் கேட்டு ஓடினேன்.

"ஏண்டி தெக்லா, புத்தி கெட்டுப்போச்சா? பச்சப்புள்ளடி அது!"

"வந்துட்டா பாரு! குட்டி கத்தினதும் எப்படித் துடிச்சுக்கிட்டு ஓடியாறா!"

"நாந்தானடி தொப்புள்கொடி அறுத்தேன்!"

"அறுத்ததும் நீதான், மாத்தினதும் நீதான்."

ரொசாலியா வாசலில் நின்றாள். சட்டையெல்லாம் பால் கசிந்திருந்தது. "என் புள்ளயக் குடுத்துடுக்கா. கால்ல விழறேன்."

வேலியோரம் செவெரின், கையில் வரைபுத்தகத்தோடு.

"ஐயா, அது வெறும் படம்னு நீங்களாவது சொல்லுங்க!"

"காலங்காலமா வர்ற நம்பிக்கை, பிரிகிதா. நான் குறுக்க வரக்கூடாது."

"உங்க படத்துல இடி விழ!"

தெக்லா மறுபடி விளாரை ஓங்கினாள். அழுகை தேய்ந்துகொண்டிருந்தது. அடியை நிறுத்த ஒரே ஒரு வார்த்தைதான் இருந்தது. அதைச் சொன்னால் இனி ஒரு வீட்டிலும் என்னைப் பிரசவத்துக்குக் கூப்பிட மாட்டார்கள். அங்கே நின்ற அத்தனை பேர் மீதும் எனக்கு வெறுப்பு பொங்கியது.

"ஆமாண்டி! நாந்தான் மாத்தினேன். வழிய விடு!"

தெக்லா பயந்து ஒதுங்கினாள். குழந்தையை அள்ளிக்கொண்டு ஓடைக்கரை மரங்களுக்குள் போனேன். மூக்கு முழுக்கச் சளி. மூச்சுக்கே திணறுபவன் எப்படிப் பால் குடிப்பான்? வாய் வைத்து உறிஞ்சித் துப்பினேன். துடைத்து, என் மார்புச் சூட்டில் வைத்துக்கொண்டு, பத்து முறை அருள்நிறை மரியே ஜெபம் சொல்லும் நேரம் காத்திருந்து திரும்பினேன்.

"இந்தா, உன் புள்ள."

ரொசாலியா பிடுங்கிக்கொண்டாள். "இவந்தான்! அத்தை, காதப் பாருங்க, அவர் காதேதான்!" பையன் முட்டி முட்டிக் குடித்தான்.

"பிரிகிதா, கொஞ்சம் அப்படியே நில்லு" என்றார் செவெரின், புதுப் பக்கத்தைத் திருப்பியபடி. நான் அவர் காலடியில் காறித் துப்பினேன்.

பையன் விழுங்குகிறானா என்று பார்க்க ஓர் அடி முன்னால் வைத்தேன். ரொசாலியா அவன் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். தெக்லா கதவைத் தாழிட்டாள்.