மூங்கில் பனியனும் சங்கத் தேர்தலும்

தாம்பரம் மேற்கில் பாத்திரக் கடை வைத்திருந்த லோகநாதன் கடைவீதி வியாபாரிகள் சங்கத்துக்கு வெகுகாலமாகத் தலைவராக இருந்தார். தன்னுடைய நேர்மையைப் பார்த்துத்தான் ஓட்டுப் போடுகிறார்கள் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். சங்கத்துக்காரர்களுக்குப் பிடித்ததோ அவருடைய பேச்சு. பேச்சு என்றால், அவர் பேசாதது. மற்றவர்கள் மைக்கைப் பிடித்தால் வள்ளுவரில் ஆரம்பித்து வாகன நிறுத்தம் வரை போவார்கள். லோகநாதன் எழுந்து, "எல்லாரும் வந்துகிறீங்க, சந்தோசம். ஆவ வேண்டியத பாப்போம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார். கைதட்டல் அடங்குவதற்குள் பந்தியில் இலை விழுந்துவிடும். செயல்வீரர் என்று போஸ்டர்கூட ஒட்டினார்கள்.

உண்மைக் காரணம் அவர் மனைவி பச்சையம்மாவுக்கு மட்டும் தெரியும். வேர்க்குரு.

கஞ்சி போட்டு விறைத்த வெள்ளைச் சட்டை, உள்ளே வேர்வையில் நனைந்து முதுகோடு ஒட்டிய பனியன். இரண்டு வாக்கியத்துக்கு மேல் ஒரு நிமிஷம் நின்றால் அக்குளிலும் இடுப்பிலும் எறும்புப் புற்றைக் கலைத்தது போல இருக்கும். தலைவர் மேடையில் சொறிய முடியாது. அதனால் உட்கார்ந்துவிடுவார். வீட்டுக்கு வந்ததும் சட்டையை உரித்துப் போட்டு, மாவு மில்லில் வேலை செய்தவர் மாதிரி பவுடரைக் கொட்டிக்கொண்டு ஃபேனுக்குக் கீழே மல்லாந்துவிடுவார். யாராவது பேசினால் சீறுவார். அப்பா கோபக்காரர் என்று நினைத்தே மகன் வளர்ந்து, படித்து, கல்யாணமும் செய்துகொண்டான்.

அந்தக் கல்யாணத்தில் வந்தவள்தான் மருமகள் வினிதா. நாவலூரில் ஐ.டி. வேலை. மாமனார் கதவு நிலையில் முதுகைத் தேய்த்துக்கொண்டு நிற்பதை ஒருநாள் பார்த்துவிட்டாள். மறு வாரம் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தாள். மூங்கில் நாரில் நெய்த பனியனும் ஜட்டியும்.

லோகநாதன் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மூங்கில்ல ஏணி கட்டுவான், சாரம் கட்டுவான், கடசீல பாட கட்டுவான். ஜட்டி எங்கனா கட்டுவானாம்மா?"

மூங்கிலைக் கூழாக்கித்தான் நூல் எடுக்கிறார்கள், சிராய் குத்தாது என்று வினிதா விளக்கினாள். கிருமி வராது, நாற்றம் வராது என்று பெட்டியில் போட்டிருப்பதெல்லாம் விளம்பரம், அதை நம்ப வேண்டாம் என்றும் சொன்னாள். "ஆனா வேர்வைய உறிஞ்சிக்கும் மாமா. மெத்துன்னு இருக்கும், ஒடம்புல ஒட்டாது. நான் ஆபீஸுக்கு இந்தத் துணிதான் போடறேன்."

மருமகள் உள்ளே என்ன போடுகிறாள் என்ற பேச்சு மேலே வளராமல் இருக்க, அவர் அவசரமாகப் பெட்டியை வாங்கிக்கொண்டார்.

போட்டுப் பார்த்தார். காலையில் கடைக்குப் போனவர் மத்தியானம் சாப்பிட வந்தபோதும் சட்டையோடு இருந்தார். சாயங்காலமும் சட்டையோடு இருந்தார். பச்சையம்மா பயந்துபோய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். நாலைந்து நாளில் இடுப்புச் சிவப்பு அடங்கியது. ஒரு வாரத்தில் பவுடர் டப்பா பூஜை அறைக்குப் போய், விபூதிக் கிண்ணம் அசையாமல் இருக்க முட்டுக் கொடுத்தது.

இந்த நேரத்தில்தான் சங்கத் தேர்தல் வந்தது. எதிர்த்து நின்றவர் ஹார்டுவேர் கடை கதிரேசன். அவரை யாரும் ஒரு பொருட்டாக நினைக்கவில்லை. கல்யாண மண்டபத்தில் கூட்டம், பேச்சு, பிரியாணி, பிறகு ஓட்டு என்று ஏற்பாடு. சித்திரை வெயில். கூட்டம் தொடங்கியதும் ஏ.சி. நின்றது. ஃபேன்கள் மட்டும் அனல் காற்றைக் கலக்கிக்கொண்டிருந்தன.

லோகநாதன் மைக் முன்னால் நின்றார். வழக்கமான இரண்டு வாக்கியத்தைச் சொன்னார். பழக்கதோஷத்தில் அரிப்புக்காகக் காத்திருந்தார். வரவில்லை. அக்குள் சுகமாக இருந்தது. முதுகில் இளங்காற்று மாதிரி ஏதோ ஓடியது. வாழ்க்கையில் முதல் தடவையாக, மேடை என்பது நிற்கக்கூடிய இடம் என்று அவருக்குத் தெரிந்தது.

பேச ஆரம்பித்தார். கடைவீதிச் சாக்கடையைப் பேசினார். பஸ் ஸ்டாண்டைக் கிளாம்பாக்கத்துக்கு மாற்றியதைப் பேசினார். பித்தளை விலையிலிருந்து தன் அப்பா வளர்த்த பசுமாட்டுக்குப் போய், அந்த மாடு ரயில்வே கேட்டைத் தாண்டிய கதையைச் சொல்லி, அங்கிருந்து சாக்கடைக்கே திரும்பி வந்தார். இத்தனை வருஷம் பேசாமல் விட்டதெல்லாம் அடைத்த குழாய் திறந்தது போலக் கொட்டியது. கீழே உறுப்பினர்கள் நிகழ்ச்சி நிரலை விசிறியாக்கி வீசிக்கொண்டிருந்தார்கள். செயலாளர் பட்டாபிராமன் பேச்சை முடிக்கச் சொல்லித் துண்டுச் சீட்டு அனுப்பினார். லோகநாதன் அதைப் படித்துவிட்டு, குறுக்கே பேசுவது என்ற கெட்ட பழக்கத்தைப் பற்றிப் பேசினார்.

கடைசியில், தான் மட்டும் வேர்க்காமல் நிற்பதை எல்லோரும் பார்ப்பதாக அவருக்குத் தோன்றியது. ரகசியத்தைப் பகிர்ந்துகொள்வது தலைவனின் கடமை என்று சட்டையின் மேல் பொத்தான்களைக் கழற்றினார். "தொட்டுப் பாருங்க சார், மெத்துன்னு கீது" என்று செயலாளரைக் கூப்பிட்டார். பட்டாபிராமன் பள்ளிக்கூட ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்று, ஸ்டேஷனரி கடை வைத்தவர், ஆசாரமானவர். வேறு வழியில்லாமல் எழுந்து வந்து, ஒரு விரலால் தலைவரின் மார்பைத் தொட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தார். லோகநாதன் ஜட்டியைப் பற்றிச் சொல்லத் தொடங்கியபோது, சமையல்காரர் வந்து பிரியாணி ஆறிவிட்டது என்றார்.

அடுத்து கதிரேசன் எழுந்தார். சட்டை உடம்போடு ஒட்டி, மனிதர் குளத்திலிருந்து ஏறி வந்தவர் போல இருந்தார். "சாப்பாடு ரெடியா கீது. மீதிய அப்பால பேசிக்கலாம்" என்றார். கைதட்டலில் மண்டபம் அதிர்ந்தது.

டெபாசிட் என்று ஒன்று கட்டியிருந்தால் லோகநாதன் அதையும் இழந்திருப்பார்.

வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். வினிதாவுக்குக் குற்ற உணர்ச்சி. தான் அந்தப் பெட்டியைக் கொண்டுவந்திருக்கவே கூடாது என்றாள்.

"நீ இன்னாம்மா பண்ணுவே. பேசனது என் வாயி. பனியனா பேசுச்சு?" என்றார். பிறகு, "எத்தினி வருசமா என்னிய நல்லவன்னு நெனச்சிக்கினு இருந்தேன். அவனுங்க சோத்துக்குக் கை தட்டிக்கீறானுங்க" என்றார். பச்சையம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

அந்த வருத்தம் பத்து நாள் இருந்தது. பனியனை மட்டும் அவர் கழற்றவில்லை. மறு வாரமே மருமகளிடம் இன்னும் ஆறு வாங்கித் தரச் சொன்னார். பேச மேடை இல்லாததால், இட்லிப் பானை வாங்க வந்தவர்களிடம் பேசினார். அவர்கள் தப்பிப்பதற்காகவே பேரம் பேசாமல் வாங்கிப் போனார்கள். சாயங்காலம் மகனைப் பக்கத்தில் உட்காரவைத்து, பசுமாட்டுக் கதையை முதலிலிருந்து சொன்னார். அவன் சிரித்தான். அப்பாவிடம் அவன் அப்படிச் சிரித்துப் பச்சையம்மா பார்த்ததில்லை.

ஒருநாள் கடையிலிருந்து வந்ததும், சட்டைகூடக் கழற்றாமல், பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த மனைவியின் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கதிரேசன் நடத்திய முதல் கூட்டத்தில் என்னென்ன தப்பு என்று ஆரம்பித்தார். அவள் தலை நிமிராமல் 'ம்' கொட்டினாள். பிறகு முறத்தை அவர் பக்கம் தள்ளினாள்.

"பேசிக்கினே காம்ப கிள்ளுய்யா."

கிள்ளினார். பீன்ஸ் முடிந்தும் கூட்டம் முடியவில்லை. பச்சையம்மா எழுந்து போய்ச் சின்ன வெங்காயத்தைக் கொண்டுவந்து அவர் முன்னால் கொட்டினாள்.