ஒயர் இல்லாமல் பறந்த மெயில்

ஓய்வு பெற்ற நாளிலிருந்து நான் பேப்பர் படிப்பது, சிவகாசியில் பொன்னுத்தங்கம் அண்ணாச்சியின் பட்டாசுக் கம்பெனி ஆபீசில்தான். டிக்கெட் எடுத்துப் பார்க்க வேண்டிய காட்சியெல்லாம் அங்கே இலவசம். அந்த வாரக் காட்சி, அவர் மகன் சூர்யபிரகாஷும் அவன் லேப்டாப்பும்.

இன்ஜினியரிங் முடித்தவன். ஊரே விண்டோஸ் வைத்திருக்க, இவன் மட்டும் லினக்ஸ் போட்டான். மாடியில் ஒயர்லெஸ் பெட்டி ஒன்றையும் மாட்டி, இனி மெயில் காற்றிலேயே பறக்கும் என்றான். பறக்கவில்லை, தத்தக்கூட இல்லை.

அண்ணாச்சி கெடு வைத்துவிட்டார்.

"ஏலே, ஒயர் வேண்டாம்னுதான அம்புட்டு ரூவாய்க்குப் பெட்டி வாங்குன? இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள டெல்லி பார்ட்டிக்கு லேபிள் டிசைன் ஒயர் இல்லாமலே போகணும். போகல, நாளையிலருந்து ஒனக்கு லோடு ஷெட்டுல பண்டல் தூக்குற வேலதான்."

தீபாவளி சீசனில் லோடு ஷெட் என்றால் எமலோகம்கூட ஏசி ரூம். பையன் முகம் நமத்துப்போன சரவெடியானது.

உட்கார்ந்தான். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து குற்றால அருவியாகக் கொட்டியது.

"என்ன மாப்ள சொல்லுது?" என்றேன்.

"ஒயர்லெஸ் கார்டு இருக்குங்குது மாமா. சிக்னல்தான் இல்லைங்குது."

"நம்ம கவுன்சிலர் மாதிரின்னு சொல்லு. ஆளு இருக்காரு, பிடிக்கத்தான் முடியாது."

அவன் சிரிக்கவில்லை. கார்டை ஓட்டும் டிரைவர் என்ற சாப்ட்வேரைக் கழற்றினான், மாட்டினான். விண்டோஸ் டிரைவருக்கு முக்காடு போட்டு லினக்ஸுக்குள் உட்காரவைக்கும் வித்தை ஒன்று உண்டாம், அதையும் செய்தான். கடைசியில் லினக்ஸின் மூளையான கெர்னலையே புதிதாகச் சமைத்தான். அது வேகுவதற்குள் நான் மணமகள் தேவை விளம்பரம் வரை படித்துவிட்டேன். அந்த உழைப்புக்கு ஒரு ராக்கெட் நிலாவுக்குப் போய் டீ குடித்துத் திரும்பியிருக்கும்.

சாயங்காலம் லோடு ஏற்ற லாரி வந்து நின்றது. அண்ணாச்சி ஷெட் சாவியை மகன் முன்னால் வைத்தார்.

பையன் யாரிடமாவது கேட்கலாமென்று செல்போனை எடுத்தான். அணைந்து கிடந்தது.

"காலையில நம்ம விஸ்வநத்தம் பேக்டரி கேட்டுல அணைச்சது மாமா. போட மறந்துட்டேன்."

பட்டாசு பேக்டரிக்குள் பீடியோ செல்போனோ உயிரோடு நுழைய முடியாது. இவன் நடை பழகியதே அந்தக் கேட்டில். அங்கே போனால் கை தானாக எதையாவது அணைக்கும்.

"லேப்டாப்பும் கூட வந்துச்சால?" என்றேன்.

அவன் விரல் மெல்ல லேப்டாப்பின் ஓரத்துக்குப் போனது. நகக்கண் அளவில் ஒரு சுவிட்ச். ஒயர்லெஸ்ஸுக்கென்றே உள்ளது. அணைந்திருந்தது.

"கேட்டுல தெனமும் நாந்தான் மாமா அணைக்கேன்."

தள்ளினான். நீல விளக்கு எரிந்தது. டிசைன் டெல்லிக்குப் பறந்தது. திரையை மேலே உருட்டினால், சுவிட்ச் அணைந்திருக்கிறது என்று லினக்ஸ் ஒவ்வொரு தடவையும் கதறியிருக்கிறது.

"என்னலே கோளாறு?" என்றார் அண்ணாச்சி.

"கெர்னல்ல சிக்கல்ப்பா."

"பெரிய சிக்கல் அண்ணாச்சி," என்று நானும் சாட்சி சொன்னேன். அவர் பூரித்துப்போய்ச் சாவியை எடுத்துக்கொண்டு, எல்லோருக்கும் டீ சொன்னார்.

மறுநாள் பேக்டரி போய்த் திரும்பியவன் லேப்டாப்பைத் திறந்தான்.

"மாமா, மறுபடியும் சிக்னலைக் காணோம்!"

பேப்பரை முகத்துக்கு நேராக விரித்துக்கொண்டேன்.

"கெர்னலாத்தான் இருக்கும் மாப்ள."